கழுவாத ஐந்து கோடாக்ரோம் சுருள்கள்

டிசம்பர் 27

ஐந்து சுருள், எல்லாம் கோடாக்கின் பழைய கலர் ஸ்லைடு ஃபிலிமான கோடாக்ரோம். மூன்று கே.ஆர். 64, ஒன்று கே.எம். 25 (எண் ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியுணர்வு). ஐந்தாவதற்கு லேபிளே இல்லை, உரிந்துவிட்டது. எல்லாமே 36 படம். நான்கு டப்பாவில் எதுவும் எழுதவில்லை. லேபிள் இல்லாததன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலில்: சிவப்புக் கோட்டு.

கழுவச் சொன்னவருக்கு ஜனவரி 17ஆம் தேதிக்குள் வேண்டுமாம்.

டிசம்பர் 28

கலர் வராது. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. காரணத்தையாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

மற்ற கலர் ஃபிலிம்களில் சாயத்தை உண்டாக்கும் கப்ளர் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடாக்ரோமில் இல்லை. அது அசலில் மூன்று அடுக்குக் கருப்பு வெள்ளை ஃபிலிம்தான். மேலே நீலத்துக்கு ஒன்று, நடுவில் பச்சைக்கு ஒன்று, அடியில் சிவப்புக்கு ஒன்று. நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் மெல்லிய மஞ்சள் வெள்ளிப் படலம். சாயம் முழுக்கக் கழுவும் லேபில், தொட்டியில் இருந்தது.

கே-14 என்ற அந்த முறையில் முதலில் ஃபிலிமின் முதுகில் இருக்கும் கருப்புப் பூச்சைக் கழற்றுவார்கள். பிறகு சாதாரணக் கருப்பு வெள்ளை டெவலப்பர். அடுத்து முதுகுப் பக்கமிருந்து சிவப்பு விளக்கு. அது அடியடுக்கை மட்டும் தொடும். உடனே சியான் சாயத் தொட்டி. பிறகு மேலிருந்து நீல விளக்கு. நடுவிலுள்ள மஞ்சள் படலம் அதைக் கீழே விடாது, மேலடுக்கு மட்டும் விழிக்கும். மஞ்சள் சாயத் தொட்டி. மிச்சமிருக்கும் நடு அடுக்குக்கு விளக்கு கிடையாது, ரசாயனத்தாலேயே எழுப்பி மெஜந்தா. கடைசியில் ப்ளீச்சும் ஃபிக்சரும் போட்டு வெள்ளியை எல்லாம் கழற்றிவிட்டால் மூன்று சாயம் மட்டும் நிற்கும்.

கோடாக்ரோமைக் கண்டுபிடித்த லியோபோல்ட் மேன்ஸும் லியோபோல்ட் கோடவ்ஸ்கியும் இசைக்கலைஞர்கள். இருட்டறையில் நேரத்தைச் சீட்டியடித்து எண்ணுவார்களாம். பொருந்தத்தான் செய்கிறது. இது கிட்டத்தட்ட தாளக் கணக்கு, ஒரு தொட்டியில் தப்பினால் மொத்தமும் போச்சு.

டிசம்பர் 30

நண்பகல்.

2010இல் இதே நாள், இதே நேரம். கான்சாஸ் மாநிலம் பார்சன்ஸ் ஊரில் டுவெய்ன்ஸ் ஃபோட்டோ. கே-14 ஓட்டிய லேப்களில் உலகத்திலேயே கடைசி அதுதான். அன்று நண்பகலுக்குள் வந்து சேர்ந்த சுருளைத்தான் எடுத்துக்கொள்வோம் என்று அறிவித்திருந்தார்கள். 2009 ஜூன் 22லேயே ஃபிலிமை நிறுத்துவதாகக் கோடாக் சொல்லிவிட்டது. டெவலப்பர் தயாரிப்பும் நின்றபின் லேப் என்ன செய்யும்? வந்து குவிந்ததை முடிக்க அடுத்த மாதமும் இயந்திரம் ஓடியது.

அன்றைக்கு ஒரு டிராயரில் கிடந்த சுருள்கள் இவை.

டிசம்பர் 31

போன். "கலர்ல வருமா?" வராது. ஐந்து நிமிடம் கழித்து வேறு வார்த்தையில் அதே கேள்வி.

ஜனவரி 2

ரெம்ஜெட். கோடாக்ரோமைக் கழுவுகிறவன் தூக்கத்தைக் கெடுப்பது இந்த ஒன்றுதான். முதுகில் பூசிய கார்பன் கரி. காரத்தில் ஊறினால் இளகும், கரையாது. இந்த வித்தியாசம் புரியாமல் நாசமாக்கிய சுருள்கள் ஏராளம். இளகின கரி தண்ணீரில் மிதந்து போய்ப் படப் பக்கத்தில் உட்காரும். காய்ந்தபின் அதை எடுக்க முடியாது. ஸ்கேனில் மிளகுத்தூள் தூவினாற்போல் இருக்கும்.

ஊறவைக்கும் கரைசலுக்குச் சினிமா ஃபிலிம் கணக்கையே எடுத்துக்கொண்டேன். ஒரு லிட்டருக்குப் போராக்ஸ் 20 கிராம், சோடியம் சல்ஃபேட் 100 கிராம், காஸ்டிக் சோடா 1 கிராம். சூடு 27 டிகிரி. சல்ஃபேட் எதற்கு இவ்வளவு என்று தோன்றும். காரத்தில் படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு ஊதிவிடும், அதைத் தடுக்கத்தான். அதைக் குறைத்துச் சிக்கனம் பிடிக்கக்கூடாது.

டேங்கில் ஊற்றி ஒரு நிமிடம் பலமாகக் குலுக்கி ஒரே வீச்சில் கொட்டிவிட வேண்டும். மெதுவாக வடித்தால் கரி உள்ளேயே தங்கும். உடனே அதே சூட்டில் தண்ணீர், குலுக்கல், கொட்டல். தண்ணீர் தெளியும்வரை. எட்டு முறை ஆகலாம். அப்படியும் திட்டுத்திட்டாய் மிச்சம் இருக்கும். அதை ஃபிக்சருக்குப் பிறகு வெளிச்சத்தில் ஈரப் பஞ்சால் துடைக்கலாம், முதுகுப் பக்கம் மட்டும். படப் பக்கம் துடைத்த பஞ்சு ரம்பத்துக்குச் சமம்.

குழாய்த் தண்ணீர் இன்று 6 டிகிரி. 27இலிருந்து நேராக அதில் போட்டால் ஜெலட்டின் வெடித்துச் சுருங்கிவிடும். 27, 24, 22, 20 என்று நாலு ஜாடி வரிசையாக வைத்தாக வேண்டும்.

ஜனவரி 3

டெவலப்பர் எச்.சி. 110, 1 பங்குக்கு 31 பங்கு தண்ணீர். 300 மி.லி. டேங்குக்கு 9.4 மி.லி. தேன் மாதிரிக் கெட்டி. அளவுக் குவளையில் ஊற்றினால் பாதி சுவரிலேயே ஒட்டும், ஊசியில்லாத சிரிஞ்சுதான் சரி. பழைய ஃபிலிமில் வெளிச்சம் படாத இடமும் கருத்துப் புகைமூட்டம் ஏறும், அதற்குப் பென்சோட்ரையசோல் 1 சதவீதக் கரைசல் 4 மி.லி. 20 டிகிரி.

நேரத்தை ஊகிக்கவில்லை. கடைசிப் படத்துக்குப் பிறகு, உருளையில் ஒட்டியிருக்கும் முனையில், வெளிச்சமே படாத இரண்டு மூன்று செ.மீ. மிச்சமிருக்கும். அதை வெட்டிக் கழுவினால் படம் எதுவும் போகாது, புகைமூட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 5 நிமிடம், 6, 7 என்று மூன்று சுருளின் முனைகளைப் பார்த்தேன். 7இல் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. 6.

ஜனவரி 4

ஹீட்டர் ஓடி அறை வறண்டு கிடக்கிறது. ஃபிலிமை இழுத்த வேகத்தில், வெளிச்சம் புகாத இருட்டுப் பைக்குள் மின்பொறி. கண்ணுக்குத் தெரிந்தது! டேப்பை வெடுக்கென்று பிய்த்தாலும் இதே கதி, படத்தில் மின்னல் கிளை விழும். நாளைக்கு வெந்நீர்ப் பாத்திரத்தைத் திறந்து வைத்து, அறையில் ஈரம் ஏறினபின்தான் கை வைப்பது.

ஜனவரி 6

முதல் கே.ஆர். 64. மூடியைக் கழற்ற பாட்டில் ஓப்பனர். பைக்குள் கை வியர்த்து, பிளாஸ்டிக் ரீலில் பாதி தூரத்தில் ஃபிலிம் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, பலமாகத் தள்ளவில்லை. கையை எடுத்துத் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஏற்றினேன்.

படம் இருக்கிறது. ஏதோ ஏரி, படகு, பாலம். ஆனால் 9 முதல் 14 வரை கரிப்புள்ளி. கடைசிக் கொட்டலில் அவசரப்பட்டது நான்தான், ஆறாவது தண்ணீர் தெளிவாகத் தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். ஜாடிக்கு அடியில் வெள்ளைத் தட்டு வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஜனவரி 7

எட்டு முறை என்று எழுதியவனே ஆறில் நிறுத்துகிறான்.

ஜனவரி 9

இன்று எதையும் கழுவவில்லை. அந்தக் காலத்தில் லேபிலிருந்து வந்த பழைய ஸ்லைடு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அட்டைச் சட்டம், சிவப்பு எழுத்து, ஓரத்தில் மாதமும் வருடமும் அச்சு. படப் பக்கத்தை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் மேடுபள்ளம் தெரியும். ஆளின் தோள் விளிம்பு, மரக்கிளை எல்லாம் செதுக்கியதுபோல. வேறு ஃபிலிமில் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. கோடாக்ரோம் ஸ்கேனரையும் குழப்புகிறது, இதன் சியான் சாயம் அகச்சிவப்பை ஓரளவு விழுங்கும். தூசியை நீக்கும் அகச்சிவப்பு வசதியைப் போட்டால் இமை, புருவத்தைக்கூடத் தூசி என்று தின்றுவிடும்.

1954 வரை அமெரிக்காவில் ஃபிலிம் விலையிலேயே கழுவும் கூலியும் சேர்ந்திருந்தது. அரசு வழக்குப் போட்டுத்தான் பிரித்தது. வாங்கு, எடு, தபாலில் போடு, மஞ்சள் பெட்டி திரும்பி வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. நினைத்துப் பார்த்தால் பாதிப் பொருளைத்தான் கையில் கொடுத்தார்கள், மறுபாதி கடைசிவரை அவர்களிடமே இருந்தது.

நீல நிறம் இன்னும் அப்படியே. இருட்டில் வைத்தால் இதன் சாயம் அசையாது. ப்ரொஜெக்டரில் அடிக்கடி ஓட்டினால்தான் வெளுக்கும்.

ஜனவரி 11

கே.எம். 25. பிரமாதம். மெதுவான ஃபிலிமில் புகைமூட்டம் குறைவு, எதிர்பார்த்ததுதான், ஆனால் இவ்வளவு சுத்தமாக வரும் என்று நினைக்கவில்லை. ஒன்பது முறை கொட்டினேன்.

நெகட்டிவ் ஈரத்தில் காக்கி நிறத்தில் இருண்டு, பாழாய்ப் போனதாகத்தான் தெரியும். பயப்பட வேண்டாம். அது நடுவில் இருந்த மஞ்சள் வெள்ளிப் படலம். கலர் முறையில் ப்ளீச் அதைக் கழற்றிவிடும், நமக்கு ப்ளீச் கிடையாது. வெள்ளியைக் கரைக்கும் ஃபார்மர் கரைசலில் கொஞ்சம் வெளுக்கலாம்தான், ஆனால் அது படலத்தோடு படத்தையும் தின்னும். அதைவிட, கலராகவே ஸ்கேன் செய்து சிவப்புச் சானலை மட்டும் வைத்துக்கொள்வது. மஞ்சள் மறைப்பது நீலத்தைத்தான், சிவப்பில் அது கிட்டத்தட்டக் கண்ணாடி.

ஜனவரி 12

மிச்ச இரண்டு கே.ஆர். 64உம் முடிந்தது. ஒன்றில் படமே இல்லை. கேமராவில் மாட்டாமலே போயிருக்கிறது.

ஜனவரி 13

போன். படம் இல்லாத சுருளைப் பற்றிச் சொன்னேன், காதிலேயே விழவில்லை. டேப் ஒட்டினதைக் கழுவியாச்சா என்று மட்டும் கேட்டார். அந்தக் கோட்டின் சிவப்பு எப்படிப்பட்ட சிவப்பு என்றும் சொன்னார். செங்கல் இல்லையாம், ரத்தச் சிவப்பும் இல்லையாம், பழுத்த கோவைப்பழம். அடியடுக்கைத்தான் அந்த நிறம் தொட்டிருக்கும். மேலிரண்டும் அந்த இடத்தில் ஏறக்குறைய சும்மா இருந்திருக்கும். தகவல் ஃபிலிமில்தான் இருக்கிறது, எந்த அடுக்கு என்பது உட்பட. நான் ஊற்றும் டெவலப்பர் மூன்றையும் ஒரே கருப்பு வெள்ளியாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். அதன்பிறகு எந்த வெள்ளி எந்த அடுக்கினுடையது என்று பிரிக்க வழியில்லை.

கழுவாமல் வைத்திருந்தால் சிவப்பு உள்ளே இருக்கும், பார்க்க முடியாது. கழுவினால் பார்க்கலாம், சிவப்பு போய்விடும். இதை அவரிடம் சொன்னேன். "கழுவுங்க" என்றார்.

ஜனவரி 15

இரவு. லேபிள் இல்லாததால் வேகம் எது என்று தெரியவில்லை. முனைத்துண்டைக் கழுவிப் பார்த்தால் புகைமூட்டம் 64 மாதிரியே. 6 நிமிடம். பத்து முறை கொட்டினேன், வெள்ளைத் தட்டு வைத்து.

ஜனவரி 16

22ஆம் படம். வாசற்படியில் நிற்கிறார்கள், பின்னால் பனி. கோட்டு முழங்காலுக்குக் கீழே வருகிறது. பெரிய பொத்தான் நான்கு, மேலிருந்து இரண்டாவது தொங்கலில். சாம்பல் நிறம், பனியைவிட நன்றாக இருட்டு, கதவைவிடக் கொஞ்சம் வெளிச்சம். இடது தோளில் ஒரு கரிப்புள்ளி. முதுகுப் பக்கத்தில்தான் இருக்கிறதென்று நினைக்கிறேன், காலையில் பஞ்சு வைத்துப் பார்க்க வேண்டும்.