பிவிஒய் வைரஸ்: வகைப் பெயர்களைக் கடைசியில் படியுங்கள்

மறையூர், காந்தளூர், வட்டவடைப் பக்கத்திலிருந்து தாவர நோயியல் படிக்கப் போகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, உருளைக்கிழங்கு ஒய் வைரஸில் (பிவிஒய்) இத்தனை வகை இருக்கே, எப்படி மனப்பாடம் பண்றது?"

மனப்பாடம் வேண்டாம். முதலில் அதன் மரபுத்தொகுதியைத் தாளில் நீளமாக ஒரு கோடாக வரையுங்கள். ஒற்றை இழை ஆர்என்ஏ, சுமார் 9,700 நியூக்ளியோடைடுகள். அதிலிருந்து ஒரு பெரும் புரதம் உருவாகி, 10 புரதங்களாக வெட்டுப்படுகிறது. இடப்பக்கம் இரண்டாவதாக எச்சி-ப்ரோ (HC-Pro) என்ற புரதம், வலக்கோடியில் வைரஸைப் போர்த்தும் உறைப்புரதம். இந்த இரண்டுக்கும் மட்டும் வண்ணம் தீட்டினால் போதும்.

ஆர்என்ஏவை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. திடீர்மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் இந்த வைரஸை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்ததில் மறுசேர்க்கைக்குப் பெரிய பங்கு. 'ஓ' (O) வகையும் 'என்' (N) வகையும் ஒரே செடியில் புகுந்தால், நொதி பாதியில் ஓர் இழையை விட்டு மற்றதற்குத் தாவிவிடும். என்-வில்கா, என்டிஎன் வகைகள் எல்லாம் அப்படி வந்தவைதான். என்-வில்காவின் எச்சி-ப்ரோ பகுதி 'என்' வகையுடையது, உறைப்புரதம் 'ஓ' வகையுடையது. அதனால் உறைப்புரதத்தை வைத்து வகை காணும் எலைசா சோதனையில் 'ஓ' என்று வரும். அதையே புகையிலைச் செடியில் ஏற்றினால் இலை நரம்பு கருகும், அது 'என்' வகையின் குணம். என் வாய்மொழித் தேர்வில் இதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். வண்ணம் தீட்டிய படம் மனதில் இருந்தால் பதில் தானாக வரும்.

ஆய்வேட்டுக்கு என்சிபிஐ என்ற அமெரிக்க மரபுத் தரவுத் தளத்தில் முழு மரபு வரிசைகள் இலவசமாகக் கிடைக்கும். இறக்கிய கையோடு பரிணாம மரம் போட உட்காராதீர்கள். மறுசேர்க்கையைக் கண்டறியும் ஆர்டிபி மென்பொருளில், இரு வகைகள் சேர்ந்து ஒட்டு விழுந்த இடங்களைக் கண்டுபிடித்து, அப்புறம் துண்டு துண்டாக மரம் போடுங்கள். ஒட்டு வரிசையை முழுசாகக் கொடுத்தால் இரண்டு வம்சத்துக்கும் நடுவில் ஒரு பொய்க்கிளை முளைக்கும். உறைப்புரதத்தை மட்டும் வைத்து வகை பிரித்த கட்டுரைகளையும் இதே சந்தேகத்தோடு படியுங்கள்.

பரவல் கேள்விகளில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்காது. விதைக்கிழங்கு வழியாக நோய் அடுத்த போகத்துக்குப் போவது நமக்குத் தெரிந்த சங்கதி. அசுவினி சில விநாடி குத்திச் சுவைத்தாலே பரப்பிவிடும். பூச்சிமருந்து வேலை செய்வதற்குள் காரியம் முடிந்துவிடுவதால்தான் கனிம எண்ணெய் தெளிக்கச் சொல்கிறார்கள். முடிந்தால் அனுமதி வாங்கி, ஊட்டி முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி மையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.