அயோவாவைக் குறுக்காகக் கடக்கும் மிதிவண்டிப் பயணம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்காக மிதிவண்டியில் கடக்கும் ராக்பிரை பயணம், டி மொய்ன் ரெஜிஸ்டர் நாளிதழின் ஜான் கர்ராஸும் டொனால்ட் காலும் 1973-இல் வாசகர்களையும் உடன் அழைத்துக்கொண்டு கிளம்பியதில் தொடங்கியது. ஜூலைக் கடைசியில் ஏழு நாள் நடக்கும் இப்பயணத்தில், மிசௌரி ஆற்றுப் பக்கம் பின்சக்கரத்தை நனைத்துப் புறப்பட்டு, மிசிசிப்பியில் முன்சக்கரத்தை நனைத்து முடிப்பது மரபு.

நான் சேர்ந்ததற்கு முக்கியக் காரணம் சுமை இல்லாததுதான். கூடாரமும் துணிமணியும் அடங்கிய மூட்டையைக் காலையில் லாரியில் ஏற்றிவிட்டால், அன்றிரவு தங்கும் ஊருக்கு அது வந்து சேர்ந்துவிடும். ஆனால், புல்தரையில் குவிந்து கிடக்கும் எண்ணற்ற மூட்டைகளில் நம்முடையதைக் கண்டுபிடிக்க, கைப்பிடியில் பளிச்சென்ற துணியொன்றைக் கட்டிவைப்பது நல்லது. விடியற்காலைப் பனியில் நனைந்த கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டித்தான் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால், மாலையில் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அதை வெயிலில் விரிப்பதே.

அயோவா தட்டையான நிலம் என்பவர்கள் காரில் போனவர்களாகத்தான் இருக்க வேண்டும். சோளக்காடுகளுக்கு நடுவே ஓயாமல் ஏறி இறங்கும் சாலையில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் தொடைகள் கெஞ்சும். மிதிக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் வண்டி வரும். வழியிலுள்ள சிற்றூர்களில் சைவக்காரர்களுக்கு வெண்ணெய் தடவிய சோளக்கதிரே பெருந்துணை. கூடாரம் அடித்துத் தரும் தனியார் குழுக்களும் உண்டு. கட்டணம் கூடுதலானாலும் முதுகுவலிக்காரர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.