மார்கழிக் குளிரை மண்ணில் சேர்த்து வைக்கலாம்

எங்கள் சந்தின் அகலம் ஐந்தரை அடி. பழைய வண்ணாரப்பேட்டையில் இதைவிடக் குறுகலான சந்துகள் நிறைய இருக்கின்றன, அதனால் யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை. சந்தின் நடுவில், என் வீட்டுச் சுவரையொட்டி, செல்வியின் இஸ்திரி வண்டி நிற்கிறது. அவருடைய தலைக்கு மேல் என் வீட்டு ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட் இருந்தது. எதிர்ச்சுவரில் எதிர்வீட்டுக்காரருடையது. இரண்டும் நேருக்கு நேர் ஊதிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு பெண் கரிப்பெட்டியைப் பிடித்தபடி காலை முதல் இரவு வரை நிற்பார்.

போன வருடம் மே மாதம் ஒரு மதியம் அங்கே தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மொட்டை மாடி நிழலில் 39 டிகிரி காட்டிய அதே கருவி சந்துக்குள் 46 காட்டியது. அந்த ஏழு டிகிரியைச் சூரியன்மேல் போட முடியாது. நானும் எதிர்வீட்டுக்காரரும் எங்கள் அறைகளிலிருந்து அள்ளி வெளியே கொட்டிய சூடு அது. அன்று இரவு ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்க முடியவில்லை.

நான் காசிமேட்டில் ஓர் ஐஸ் பேக்டரியில் 31 வருடம் ஆபரேட்டராக இருந்தவன். விடியற்காலையில் படகுகள் புறப்படுவதற்கு முன் ஐஸ் பார்கள் தயாராக இருக்க வேண்டும். அதற்கு இரவெல்லாம் அமோனியா கம்ப்ரசர் ஓட வேண்டும். அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: குளிரை உண்டாக்கும் இயந்திரம் என்று ஒன்று கிடையாது. சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் போடும் இயந்திரம்தான் உண்டு. உப்புநீர்த் தொட்டியில் இறக்கிய டின்களின் தண்ணீர் உறைகிறதென்றால், அதன் சூடு முழுவதும் மாடியில் இருக்கும் கண்டன்சருக்கு வந்து சேருகிறது. அங்கே வரிசை வரிசையாகக் குழாய்கள், அவற்றின் மேல் ஓயாமல் சொட்டும் தண்ணீர். ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு முறை மாடியேறிக் குழாய்களை உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பேன். மேல் குழாயில் கையை வைக்க முடியாது. கீழே வர வர வெதுவெதுப்பாகிவிட வேண்டும். கடைசிக் குழாயும் சுட்டால் உள்ளே இறங்கிப் போய் மீட்டரைப் பார்க்கவே வேண்டாம். உப்புப் படிந்திருக்கிறது, ஹெட் பிரஷர் (கம்ப்ரசர் எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தம்) ஏறியிருக்கிறது, மின்கட்டணமும் ஏறப்போகிறது.

இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சூட்டைக் கொட்டும் இடம் சூடாக இருந்தால் அது திணறும். கொட்டும் இடம் ஒரு டிகிரி ஏறினால் இரண்டு மூன்று சதவீதம் மின்சாரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது எங்கள் தொழிலில் தெரிந்த கணக்கு. சந்தில் 46 என்றால் என் ஏ.சி. என்ன பாடு பட்டிருக்கும்!

இந்தக் கவலையில் இருந்தபோதுதான் ஸ்வீடனில் இருக்கும் என் அக்கா மகன், தன் வீட்டுத் தோட்டத்தில் போட்ட ஆழ்துளையைக் கைபேசியில் காட்டினான். 160 மீட்டர் ஆழம். உள்ளே வளைந்து திரும்பும் ஒரு கறுப்புக் குழாய், குழாயில் உறையாத திரவம். பனிக்காலம் முழுவதும் அந்தத் திரவம் மண்ணின் சூட்டை மேலே கொண்டுவர, ஹீட் பம்ப் என்ற, ஏ.சி.யைப் போலவே சூட்டை இடம் மாற்றும் இயந்திரம் அதன் வெப்பநிலையை உயர்த்தி வீட்டுக்குள் விடுகிறது. அங்கே லட்சக்கணக்கான வீடுகள் இப்படித்தான் குளிரைத் தாங்குகின்றன. "மாமா, நம் வீட்டுக்கும் இதைப் போடலாமா? அங்கே குளிர்ச்சிக்குப் பயன்படுத்தலாமே" என்றான்.

புவிவெப்பம் என்றால் பலருக்கும் ஐஸ்லாந்துதான் நினைவுக்கு வருகிறது. ரெய்க்யவிக் நகரம் 1930 முதல் நிலத்தடி வெந்நீரைக் குழாயில் கொண்டுவந்து வீடுகளைச் சூடாக்குகிறது. அது எரிமலை நிலத்தின் கொடை. அக்கா மகன் காட்டியது வேறு. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால் மண்ணுக்கு வெயில் காலமும் தெரியாது, மழைக்காலமும் தெரியாது. அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பம் எவ்வளவோ, ஏறத்தாழ அதிலேயே அது நின்றுவிடும். சென்னையின் சராசரி 29 டிகிரியை ஒட்டி வரும்.

இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். பின்கட்டில் என் தாத்தா காலத்து உறைக்கிணறு இருக்கிறது. மூன்றடி விட்டம், இருபதடி ஆழம், ஆறடித் தண்ணீர். ஒரு வருடம் மாதந்தோறும் முதல் தேதி தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கினேன். ஜனவரியில் 28.5. மே மாதத்தில் 29.5. அவ்வளவுதான் வித்தியாசம். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றும், அக்னி நட்சத்திரத்தில் சில்லென்று இருக்கிறது என்றும் சொல்லிச் சொல்லியே குளித்தவர்கள் நாம். தண்ணீர் மாறவில்லை, நம் உடம்பும் காற்றும்தான் மாறின.

29 டிகிரி மண் நம் அறையைக் குளிர்விக்காது. மண்ணுக்குள் புதைத்த குழாய் வழியாக வெளிக்காற்றை இழுத்து அறைக்குள் விடும் முறை வறண்ட ஊர்களுக்குச் சரி. இங்கே கடல்காற்றின் ஈரம் அப்படியே உள்ளே வந்து சேரும், பூஞ்சைதான் மிச்சமாகும். ஆனால் சூட்டைக் கொட்டும் இடமாக மண்ணைப் பாருங்கள். சந்துக் காற்று 46, மண் 29. இடையில் 17 டிகிரி!

அந்த 17 டிகிரி என்னை விடவில்லை. பழைய ஒரு டன் ஏ.சி.யின் கண்டன்சரைக் கழற்றிவிட்டு, குழாய்க்குள் குழாய் வைத்த தண்ணீர்க் கண்டன்சர் ஒன்றைப் பொருத்தினேன். கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து, சூட்டை ஏற்றி, அதே கிணற்றில் திரும்ப விட்டேன். முதல் ஒரு மணி நேரம் மிக அருமை. கம்ப்ரசர் சத்தமே மாறிவிட்டது. மூச்சு வாங்காமல் ஓடியது. சந்தில் சூடு இல்லை. மறுநாள் விடியற்காலை கிணற்றில் கையை விட்டேன். குழந்தையைக் குளிப்பாட்டும் பதம்! தெர்மாமீட்டர் 38 காட்டியது. நான்காம் நாள் நிறுத்திவிட்டேன்.

கணக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது, அறையின் சூடும் கம்ப்ரசரின் சூடும் சேர்த்து நாலரைக் கிலோவாட் அளவுக்கு வெளியே தள்ளுகிறது. என் கிணற்றில் இருப்பது 1,200 லிட்டர் தண்ணீர். அது ஒரே இரவில் நிரம்பிவிடும் பாத்திரம்.

மண்ணும் பாத்திரம்தான், பெரிய பாத்திரம். ஸ்வீடன்காரர்கள் பனிக்காலத்தில் அதிலிருந்து சூட்டை எடுக்கிறார்கள், கோடையில் அது மறுபடி நிரம்புகிறது. நாம் போடுவோம், எடுக்கவே மாட்டோம். லண்டன் சுரங்க ரயிலுக்கு இதுதான் நேர்ந்தது. நூறு வருடங்களுக்கு முன்பு அங்கே தோண்டியபோது களிமண் 14 டிகிரி. ரயில்கள் விட்ட சூட்டை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து இப்போது சில இடங்களில் 25-ஐ எட்டியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு "மண்ணுக்குள் குழாய் போட்டால் ஆயுளுக்கும் குளிர்ச்சி" என்று சென்னையில் யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது. ஜனவரி இரவுகளில் சென்னைக் காற்று 21 டிகிரிக்கு இறங்குகிறது. அப்போது, கோடையின் சூட்டை வாங்கிய மண் 30-ல் இருக்கும். மண்ணில் ஓடும் அதே குழாய்த் தண்ணீரை மொட்டை மாடியில் ஒரு ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு மின்விசிறியால் காற்றடித்தால் போதும், கம்ப்ரசர் வேண்டாம். மே மாதம் மண்ணில் சேர்த்த சூட்டின் ஒரு பங்கை மார்கழி இரவுகளில் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்த கோடைக்கு மண் தயாராகிவிடும். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல் குளிரைக் கொட்டி வைப்பது.

குளிர்காலத்தைப் பத்திரப்படுத்தி வெயிலில் எடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. கடற்கரைச் சாலையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ் 1842-ல் எழுந்தது. அமெரிக்கக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, அங்கேதான் இறக்கினார்கள். அவ்வளவு தூரத்துக் குளிரைக் கொண்டுவர முடிந்தது. நம்முடைய மார்கழிக்கு டிக்கெட் கூடத் தேவையில்லை.

வடசென்னை மண் இதற்கு ஏற்றது. பத்துப் பதினைந்து அடியில் தண்ணீர் நிற்கும் மணல். நனைந்த மணல், காய்ந்த மணலைவிட ஐந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். குழாய் மூடிய சுற்றாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நிலத்தடி நீரை இறைத்துப் பயன்படுத்தும் முறை நமக்கு ஆகாது. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததால்தான் கடல் உள்ளே புகுந்து வயல்கிணறுகளைக் கெடுத்தது. மூடிய குழாய் ஒரு சொட்டுகூட எடுக்காது, உப்பும் அதை அரிக்காது. காசிமேட்டுக் காற்றில் அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகள் பொடிப்பொடியாக உதிர்வதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்!

தனி வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டன்னுக்குத் தோராயமாக 200 முதல் 300 அடி ஆழ்துளை வேண்டும். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் இருபதடி இடைவெளி வேண்டும். எங்கள் சந்துக்குள் போர் போடும் வண்டியே நுழையாது.

நான் கண் வைத்திருப்பது எங்கள் தெருவுக்கு அப்பால் இடித்துக் கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல். அங்கே பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் அஸ்திவாரத் தூண்கள், போடுகிறார்கள். எப்படியும் மண்ணைத் துளைக்கத்தான் போகிறார்கள். கம்பிக்கூட்டை இறக்கத்தான் போகிறார்கள். இறக்குவதற்கு முன் கூட்டின் உட்புறம் குழாயை வளைத்துக் கட்டினால் அந்தப் பைலே சூட்டைக் கொட்டும் துளையாகிவிடும். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் 1980-களிலிருந்து இப்படிச் செய்கிறார்கள். எல்லா வீடுகளின் சூட்டையும் அது வாங்கிக்கொள்ளாது. படுக்கையறைகளின் இரவுச் சூட்டில் பாதியை வாங்கினாலே, அந்தக் கட்டடங்களுக்கு நடுவே பாய் போட்டுப் படுக்கும் கிழவிகள் பிழைத்துக்கொள்வார்கள்.

என் யூனிட்டைப் பங்குனியில் மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டேன். கூடுதலாக இருபத்திரண்டு அடி செம்புக் குழாய் பிடித்தது. இந்த மே மாதம் மறுபடி அளந்தபோது சந்தில் 42. எதிர்வீட்டுக்காரர் ஐப்பசியில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். செல்வியிடம் கேட்டேன். "இப்போது பெட்டிச் சூடு எது, மேலே இருந்து வரும் சூடு எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது அண்ணா" என்றார்.

போன வாரம் அந்தக் கட்டுமான இடத்துக்குப் போனேன். இளம் பொறியாளர் ஒருவர் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். ஒப்பந்தத்தில் இது இல்லை, மேலதிகாரிகளிடம் கேட்க வேண்டும் என்றார். பிறகு, "ஐயா, ஒரே ஒரு பைலில் சோதனைக்குப் போட்டுப் பார்க்கக் கேட்கலாம். வரைபடம் தர முடியுமா?" என்றார். அன்று இரவே உட்கார்ந்து குழாயின் அளவு, வளைவு, கட்டும் இடம், அழுத்தச் சோதனை எல்லாவற்றையும் வரைந்து நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கான்கிரீட் ஊற்றிவிட்டால் பிறகு எந்தக் குழாயும் உள்ளே போகாது. வரும்போது எண்ணிப் பார்த்தேன். அறுபத்து நான்கில் பதினேழு பைல்கள் முடிந்திருக்கின்றன.