கொல்லம் ஆண்டும் சக்கரமும்

வங்கியில் ஓய்வு பெற்றதும் குளம், நூலகம், ஊர் வரலாறு என்று இறங்கிவிடுகிற பெரியவர்கள் குமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பக்கமும் உண்டு. கணக்குப் பார்த்துப் பழகிய கண் வரலாற்றுக்கு ரொம்பவே உதவும். ஆனால் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) இணையும்வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர் நிலம்; 1949-லிருந்து திருவிதாங்கூர்-கொச்சி. பழைய அடமானப் பத்திரத்தில் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு.

அதை ஆங்கில வருஷமாக மாற்ற, பலர் கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டுகிறார்கள். அங்கேதான் ஒரு வருஷம் சறுக்குகிறது. ஆண்டு பிறப்பது சிங்க மாதம் (நம் ஆவணி) 1-ல், அதாவது ஆகஸ்ட் நடுவில். அதிலிருந்து டிசம்பர் 31 வரை 824, ஜனவரி முதல் 825 கூட்ட வேண்டும். தனு மாதம் (நம் மார்கழி) இரண்டு ஆங்கில வருஷத்திலும் கால் வைக்கும். தேதி பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி முடங்கிய 1938 ஜூன், கொல்லம் 1113. அதே 1938 செப்டம்பர், 1114.

திருவிதாங்கூர் நாணயக் கணக்கு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய் (திருவிதாங்கூர் அரசின் ரூபாய்). பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம். எந்த ரூபாய் என்று பார்க்காமல் வட்டி போட்டால் கணக்கு உதைக்கும்.

கிழிந்த தாளில் செலோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பசை ஊறி மை போய்விடும். படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். கடனில் பாதி திருப்பிக் கொடுத்த வரவு பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.