அம்மாவிடமும் சொல்ல வேண்டியது

பிரசவ வார்டில் தாய்ப்பாலைப் பற்றிப் பேசாமல் ஒரு டியூட்டியும் முடியாது. சென்னையில் நான் செவிலியராக வேலை பார்த்த வார்டுகளின் சுவரிலெல்லாம் அதே போஸ்டர்கள்தான்: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு இரண்டு வயது வரைக்கும், அதற்கு மேலும். எல்லாம் சரி. ஆனால் அத்தனையும் குழந்தைக்காக. பெற்றவளுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பதை அவளிடம் யாரும் சொல்வதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

இரண்டாவது, மூன்றாவது பிரசவமான பெண்கள் முதல் நாளே கேட்பார்கள்: "சிஸ்டர், பாப்பா வாய் வச்சாலே அடிவயிறு சுருட்டிப் பிடிக்குது, ஏதாவது கோளாறா?" பயந்துபோய்ப் பால் கொடுக்கத் தயங்குகிறவர்களும் உண்டு. அவள் கையை எடுத்துத் தொப்புளுக்குக் கீழே வைப்பேன். உள்ளே கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருப்பது அவளுக்கே தெரியும். குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பாலை வெளியே தள்ளுவதும் அதுதான், கர்ப்பப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கைக் குறைப்பதும் அதுதான். குழந்தை பிறந்ததும் நாங்கள் போடும் ஊசியும் அதே ஆக்ஸிடோசின்தான். "உன் புள்ள உனக்கு மருந்து கொடுக்குதும்மா" என்று சொன்னால், வலி இருந்தாலும் குழந்தையை அணைத்துக்கொள்வாள்.

வருஷங்கள் கழித்துக் கிடைக்கும் பலன்கள் இன்னும் பெரியவை. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002-இல் ஒரு முடிவு வெளியானது. ஒரு பெண் தன் வாழ்நாளில் பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும், மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் குறைகிறது, சர்க்கரை நோய்க்கான வாய்ப்பும் குறைகிறது. கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிய பெண்களிடம் இதைக் கட்டாயம் சொல்லிவிடுவேன். நம் ஊரில் சர்க்கரை இல்லாத வீடு எது? எங்கள் தாய்மார்கள் வாங்கும் மகப்பேறு நிதியுதவி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் இருக்கிறது. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவரே. அந்த உதவிக்கான படிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிரசவமும் புற்றுநோயும் என் மனதில் சேர்ந்தே வரும்.

முதல் இரண்டு நாள்தான் சிக்கலான நேரம். "பால் ஊறலை, புள்ள பசியில அழுவுது" என்று மாமியார் சர்க்கரைத் தண்ணியும் சங்குமாக வந்து நிற்பார். சில வீடுகளில் கழுதைப்பால் வரைக்கும் ஏற்பாடு நடக்கும். அவர்களைக் கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை, அந்தப் பிள்ளை மேல் அவர்களுக்கு இல்லாத அக்கறையா? "பெரியம்மா, இதப் பாருங்க" என்று மஞ்சளாகக் கசியும் சீம்பாலைக் காட்டுவேன். முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவுதான் கொள்ளும். அந்த டீஸ்பூனில் குடலைக் காக்கும் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்திருக்கின்றன. வயிற்றுப்போக்கும் சளியும் நிமோனியாவும் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவாக வருவது அதனால்தான். கத்திரி வெயிலில் "ஒரு வாய் தண்ணியாவது?" என்பார்கள். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம். ஒரு வாரம் ஆனபின் நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். எடை ஏறுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வேண்டியது தாய்க்குத்தான். பூண்டும் சுறாப் புட்டும் ஊட்டிவிட்டு, தாகத்துக்குத் தண்ணீர் தர யோசிக்கிறார்களே, அதைப் பார்த்தால் மனசு தாங்காது.

எவ்வளவு முயன்றும் பால் போதாத தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. ஆனால் நான் பார்த்தவரை, "பால் இல்லை" என்று வந்தவர்களில் பலருக்குக் குறை பாலில் இல்லை, குழந்தையைப் பிடித்த விதத்தில் இருந்தது. காம்பை மட்டும் கவ்வினால் அம்மாவுக்குப் புண்தான் மிஞ்சும். சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போய், தாடை மார்பில் படிய வேண்டும். சிசேரியன் தாய் என்றால் குழந்தையைத் தையல் மேல் கிடத்தாமல் கக்கத்துக்குக் கீழே பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுவேன். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கைபிடித்துக் காட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான். நைட் டியூட்டியில் அந்த நேரம் கிடைப்பதுதான் கஷ்டம்.

தி.நகரில் துணிக்கடையில் நிற்கும் பெண் ஒருத்தி, வேலைக்குத் திரும்பியபின் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சலோடு வந்தாள். கடையின் கழிவறையில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டியிருக்கிறாள். 2017 முதல் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. திரும்பிய பின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை. இரண்டாவது விஷயம் அவளுக்குத் தெரியவே தெரியாது. இப்போதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்று ஒவ்வொரு தாயோடும் கணவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த இடைவேளையைப் பற்றியும் அவளுடைய சர்க்கரையைப் பற்றியும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.