வீட்டுக்குள் அடங்கும் ஆம்ப்: நாட்குறிப்பு

ஜூன் 4, புதன்

இனி வாரக் கடைசியில் எங்கள் வீட்டில் கூடி வாசிப்பது என்று முடிவாகிவிட்டது. நண்பனிடம் அக்கூஸ்டிக் கிட்டார், தம்பியிடம் கஹோன் என்ற பெட்டி மேளம், என்னிடம் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார். கஹோனில் முதல் தட்டு விழுந்ததுமே என் தந்திகள் ஊமையாகிவிடும். ஆகவே ஆம்ப் வேட்டை தொடங்கியிருக்கிறது. கிட்டாருக்குக் கொடுத்த விலையைத் தாண்டுவதில்லை என்பது மட்டும் உறுதி.

எந்த விளம்பரத்திலும் முதலில் கண்ணில் படுவது வாட், அதாவது ஆம்பின் சக்தி. 50 வாட் என்றால் 5 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் என்று மனம் கணக்குப் போடுகிறது; காது அப்படிப் போடுவதில்லை. சக்தி இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான். சத்தம் இரு மடங்காகிவிட்டதாகக் காதுக்குத் தோன்றவே ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி தேவை. அந்த 50 வாட் ஆம்ப் 5 வாட் ஆம்பைவிடச் சுமார் இரண்டு மடங்குதான் உரக்கக் கேட்கும். அதற்குள் ஸ்பீக்கரின் திறனும் குறுக்கே வருகிறது. ஒரே வாட்டுக்கு 3 டெசிபல் கூடுதலாகப் பேசும் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கிய பலன் கிடைத்துவிடும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிக்கும் எண்ணை இனிப் பொருட்படுத்துவதாக இல்லை.

ஜூன் 7, சனி

“வால்வு ஆம்ப் வாங்கு, அந்த ஒலியே வேறு” என்கிறான் நண்பன். டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய ரேடியோவில் இருந்ததுபோன்ற கண்ணாடிக் குழாய்கள் உள்ள ஆம்பைச் சொல்கிறான். வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒலி பிறப்பது வால்வை அதன் எல்லைவரை விரட்டும்போது. ஃபெண்டர் சேம்ப் போன்ற 5 வாட் வால்வு ஆம்பைக்கூட அந்த நிலைக்குத் திருகினால் ஓர் அறைக்குள் உட்கார முடியாது. தணித்து வாசித்தால் எதற்காக வால்வு வாங்கினோமோ அது கிடைக்காது. போதாததற்கு வால்வுகள் தேயும், மாற்ற வேண்டிவரும். டிரான்சிஸ்டர் ஆம்ப் போதும் எனக்கு.

ஜூன் 8, ஞாயிறு

கடைக்குப் போனோம். விற்பனையாளர் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பி, டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்குவதை) முழுக்க ஏற்றி, விரல்கள் பறக்க ஒரு சோலோ வாசித்துக் காட்டினார். அந்தச் சத்தத்தில் எந்த ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும். நான் அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெயினை இறக்கி, வால்யூமை ஏறக்குறைய அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, கரகரப்பில்லாத கிளீன் சேனலில் ஓர் ஈ மைனர் கார்டு மட்டும் வாசித்தேன். வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் வாழ்க்கை அந்த வால்யூமில்தானே?

இங்கேதான் ஆம்ப்கள் பிரிந்தன. ஒன்றில் குமிழை மயிரிழை அசைத்தால் மௌனத்திலிருந்து நேராகக் கூச்சலுக்குத் தாவியது. இடையில் நிற்க இடமே இல்லை. இன்னொன்றில் தடித்த தந்திகள் காணாமல் போயின. இதில் ஆம்பை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சத்தம் தணியத் தணியக் காதுக்கே கீழ் ஸ்வரங்கள் முதலில் மங்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து வெளியிட்ட விஷயம் இது. அதனால் மெல்ல வாசிப்பவனுக்குத்தான் நல்ல ஸ்பீக்கர் அதிகம் தேவை. 6 அங்குலத்துக்கும் 8 அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம் தம்பிக்கே கேட்டது. அவன் வழக்கமாக எதையும் கவனிக்காதவன்.

பிடித்தவை இரண்டு. பாஸ் கட்டானா 50-இல் 12 அங்குல ஸ்பீக்கர், சக்தியை 0.5 வாட்டுக்கு இறக்கும் வசதி, ஒலியை விதவிதமாக மாற்றும் ஏராளமான எஃபெக்ட்கள். ஆரஞ்ச் கிரஷ் 20-இல் 8 அங்குலம், இரண்டு சேனல், வேறு பெரிதாக ஒன்றுமில்லை. முன்னது எல்லாம் தெரிந்த ஆம்ப். ஆனால் என் பணம் எட்டவில்லை, அறை மூலையில் அதற்கு இடமும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

ஹெட்போன் விஷயம். கிட்டார் ஸ்பீக்கர் 5, 6 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் ஒலிக்காது. டிஸ்டார்ஷனின் கரகரப்பை அதுவே வடிகட்டிவிடுகிறது. ஹெட்போன் வடிகட்டாது. ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் மின்சுற்று ஆம்புக்குள் இல்லையென்றால் காதுக்குள் வண்டு புகுந்தது போல இருக்கும். வாங்குமுன் சொந்த ஹெட்போனைச் செருகிப் பார்த்தே ஆக வேண்டும்.

புளூடூத் பற்றி நண்பன் கேட்டான். போனிலிருந்து பின்னணி இசையை ஆம்புக்கு அனுப்பத் தாராளமாகப் போதும், தாமதமாக வந்தாலும் நாம் அதைக் கேட்டுத்தானே வாசிக்கிறோம். கிட்டாரையே புளூடூத் ஹெட்போனில் கேட்பது வேறு கதை. தாமதம் 100 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால்கூட, 34 மீட்டர் தள்ளியிருக்கும் ஆம்பின் ஒலி காற்றில் வந்துசேரும்வரை காத்திருந்து வாசிப்பதற்குச் சமம். தாளம் நிற்காது.

ஜூன் 15, ஞாயிறு

பழைய ஆம்ப் ஒன்று விலைக்கு வந்தது. குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்றது. அது சுத்தம் செய்தால் போகக்கூடியது. கிட்டாரைப் பிடுங்கிய பிறகும் நிற்காத உறுமல்தான் யோசிக்க வைத்தது. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

ஜூன் 21, சனி

கிரஷ் 20 வந்துவிட்டது. தரையில் வைத்தபோது என் முழங்காலுக்குத்தான் நன்றாகக் கேட்டது, கூடவே அதிர்வு கீழ்வீட்டுக்கும் இறங்கும். நாற்காலியில் ஏற்றிச் சற்றுச் சாய்த்ததும் கூர்மையான ஒலி நேராகக் காதுக்கு வந்தது. உடனே அந்தக் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிளைக் குறைத்தேன். கஹோனோடு சேர்ந்தபோது வால்யூமை ஏற்றவில்லை, நடு ஸ்வரங்களுக்கான மிடில் குமிழை மட்டும் பாதிக்கு மேல் தள்ளினேன். கிட்டார் கூட்டத்திலிருந்து தலைதூக்கிவிட்டது. ரிவெர்ப் (பெரிய கூடத்தில் கேட்பது போன்ற எதிரொலி) இல்லாததுதான் கொஞ்சம் வறட்சி. பிறகு அதற்கென்று காலால் இயக்கும் பெடல் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

நண்பன் அடுத்த வாரம் பேஸ் கிட்டார் கொண்டுவந்து இதிலேயே செருகலாமா என்றான். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், பேஸின் தடித்த தந்தி 41; ஸ்வரம் கீழே போகப் போக ஸ்பீக்கர் கூம்பு அதிகம் அசைய வேண்டும். மெல்ல வாசித்தால் பாதகமில்லை. ஆனால் அவன் மெல்ல வாசிக்கிறவன் இல்லை, 8 அங்குலக் கூம்பு கிழிந்தால் எனக்குத்தான் செலவு. பேஸ் ஆம்ப் வாங்கும்வரை அக்கூஸ்டிக்கே வாசி என்று சொல்லிவிட்டேன்.