மிஷன் என்று எழுதிய சட்டை

எங்கள் சபையிலிருந்து குடும்பம் குடும்பமாக, அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களிடம் ஊழியத்துக்குப் போவது என்று முடிவானதும் முதலில் தயாரானது சட்டை. ஆரஞ்சு நிறம். முதுகில் கொட்டை எழுத்தில் ‘மிஷன்’, அதற்குக் கீழே வருடம். ஏழு குடும்பம், 26 பேர், எல்லாருக்கும் அளவெடுத்து அச்சடித்து வாங்கியாயிற்று. அந்தச் சட்டையை அங்கே ஒரு நாள்கூட யாரும் போடவில்லை.

நாங்கள் இருப்பது அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்தில். பலரும் கலந்த சபை. தமிழர் என்று பார்த்தால் எங்கள் ஒரு வீடுதான். போக வேண்டிய இடம் கனாடோ பக்கம், வடகிழக்கே காரில் ஐந்து மணி நேரம். நவஹோ தேசம் மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. பரப்பில் தமிழ்நாட்டின் பாதிக்கும் மேல். சொந்தமாக அரசும் நீதிமன்றமும் போலீசும் உண்டு. தங்களை அவர்கள் சொல்லிக்கொள்வது ‘டினே’ என்று. மக்கள் என்று பொருள்.

கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதமும் படிவங்களிலேயே போனது. பெரியவர்களுக்குக் குற்றப் பின்னணிச் சோதனை, பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வகுப்பு, மருத்துவ ஒப்புதல், காப்பீடு. அதை விடுங்கள். உண்மையான வேலை அங்கிருந்த போதகரோடு பேசிய அன்றுதான் தொடங்கியது. அவரும் நவஹோதான். வீடியோவில் பேசினோம். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அந்த இடைவெளி தாங்காமல் எங்களில் யாராவது ஒருவர் உள்ளே புகுந்து பேசிவிடுவோம். அவர் முடிக்கவில்லை என்பது மூன்றாவது தடவைதான் உறைத்தது.

எங்கள் திட்டம் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி. அவர் சிரித்தார். “இந்தக் கோடையில் ஏற்கெனவே இரண்டு சபைகள் வந்து நடத்திவிட்டன. ஆகஸ்டில் இன்னொன்று வருகிறது. பாட்டும் கையசைவும் எங்கள் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லித்தருவார்கள்.” பழைய துணி கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டார், வந்த மூட்டைகளை வைக்கவே இடமில்லையாம். சரி, என்னதான் வேண்டும்? குளிர்காலத்துக்கு விறகு பிளக்க ஆள். வீட்டில் எரிக்கக் கரி கிடைத்துவந்த கயென்டா நிலக்கரிச் சுரங்கம் 2019-ல் மூடியதிலிருந்து விறகுக்கு அலைச்சல் கூடிவிட்டது. அப்புறம், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பாட்டி வீட்டுக்குச் சாய்தளம். கடைசியில், பின்னால் தொங்கிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்துவிட்டு, “அது வேண்டாமே” என்றார்.

எனக்கு முதலில் சுருக்கென்றது. என் அம்மாவுக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். அங்கே மிஷனரியாக இருந்த மர்காஷிஸ் ஐயர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, அவர் பெயரில் பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. மிஷன் என்றால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எங்கள் பாட்டி கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட கதை. இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு நினைவு. 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அரசு பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் போட்டது. அவற்றில் பலவற்றைச் சபைகள் நடத்தின. போனதும் முடியை வெட்டுவார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. அதே மொழியைத்தான் இரண்டாம் உலகப் போரில் எதிரிக்குப் புரியாத சங்கேதமாக அமெரிக்க மரைன் படையில் இருந்த நவஹோ வீரர்கள் பயன்படுத்தினார்கள். சட்டைகளைப் பெட்டியோடு மாடியில் போட்டேன்.

ஜூலை நடுவில் போனோம். முதல் நாளே ஒரு மணி நேரத் தாமதம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கம் அரிசோனாவில் கிடையாது, நவஹோ தேசத்தில் உண்டு. ஃபோன் ஏழு என்று காட்டியது, ஊரில் எட்டு. போதகர் ஒன்றும் சொல்லாமல் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

பாட்டி வீட்டுக்குப் போவதற்கு முன் அவர் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். வண்டியை நிறுத்தியதும் இறங்கி ஓடாதே. வீட்டிலிருந்து யாராவது வெளியே வரும்வரை உள்ளேயே இரு. விரலால் சுட்டாதே. கேட்காமல் படம் எடுக்காதே. கை குலுக்கும்போது அழுத்தாதே, லேசாகத் தொட்டால் போதும். என் பையனுக்கு வயது 10. வண்டிக்குள் பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தது அவன் வாழ்க்கையிலேயே அன்றுதான்.

பாட்டி நவஹோவில்தான் பேசினார், பேரன் மொழிபெயர்த்தார். என் மகளைப் பார்த்து முதல் கேள்வி: “நீ எந்தக் குலம்?” நம் ஊரில் “நீங்க எந்த ஆளுக?” என்று யாராவது கேட்டால் எனக்கு வயிற்றைப் பிசையும், அடுத்து என்ன வரும் என்று தெரியும். இங்கே அது உறவு தேடும் கேள்வி. அம்மாவின் குலம் முதலில், அப்புறம் அப்பாவுடையது, பிறகு அம்மாவழித் தாத்தா, அப்பாவழித் தாத்தா. நான்கையும் சொன்னால் கேட்பவர் அண்ணனா, மாமாவா, பாட்டியா என்று தெரிந்துவிடும். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கூடாது. மகள் யோசித்துவிட்டு, “எங்க பாட்டி நாசரேத்துக்காரங்க” என்றாள். பேரன் அதையும் சிரிக்காமல் மொழிபெயர்த்தார். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் ‘ஷிமா சானி’. ஷிமா என்றால் என் அம்மா. சானி சேர்ந்தால் பாட்டி.

சாய்தளக் கணக்கு எளிது. ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். வாசல்படி தரையிலிருந்து 22 அங்குலம், ஆகவே 22 அடி. பீனிக்ஸிலேயே பலகையை அறுத்து ஏற்றிக்கொண்டு வந்தோம். முதல் நாள் வெயிலில் பிள்ளைகள் மண்ணெடுக்க, பெரியவர்கள் நாலு குழி தோண்டிக் கால்களை நிறுத்தினோம். இறுகிய களிமண், கடப்பாரை போட்டால் கை அதிர்ந்தது. மறுநாள் நூல் பிடித்து ரசமட்டம் வைத்துப் பார்த்தால், வாசலிலிருந்து தள்ளிப் போகப் போகத் தரை இறங்குகிறது. 22 அடி தூரத்தில் இன்னும் ஏழு அங்குலப் பள்ளம். அப்படியானால் நீளம் 29 அடியையும் தாண்ட வேண்டும். வீட்டின் படத்தைப் பார்த்து அளவு சொன்னது நான்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து பேரன் வந்தார். தொப்பியைக் கழற்றாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உதட்டைக் குவித்துச் சுவரோரமாகத் தென்பக்கம் காட்டினார். அந்தப் பக்கம் தரை இறங்கவே இல்லை. வாசலுக்கு வெளியே ஒரு மேடை, அதிலிருந்து சுவரை ஒட்டித் தெற்கே திருப்பினால் 22 அடி போதும். முந்தைய நாளே ஏன் சொல்லவில்லை? கேட்டுவிட்டேன். “நீங்கள் கேட்கவில்லையே.”

நாலு கால்களையும் பிடுங்கினோம். மேடை ஐந்தடிக்கு ஐந்தடி போதும் என்று நினைத்தோம்; பாட்டிக்கு அது போதவில்லை. நவஹோக்களின் பழைய ஹோகன் வீடுகளுக்கு வாசல் கிழக்கு பார்த்துத்தான் இருக்கும். இவருடைய நகரும் வீட்டையும் அப்படித்தான் நிறுத்தியிருந்தார்கள். விடியற்காலையில் நாற்காலியோடு அங்கே உட்கார வேண்டும், பக்கத்தில் இன்னொருவருக்கும் இடம் வேண்டும். கூடுதல் பலகைக்குக் கேலப் நகரம் வரை ஒரு மணி நேரம் போய், ஒரு மணி நேரம் திரும்பி வந்தோம். அன்று மதியம் வேலை நின்றது.

அந்த வீட்டில் குழாய் இல்லை. அந்தத் தேசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்கு இல்லை. பேரன் 55 காலன் பீப்பாய்களை டிரக்கில் ஏற்றிப் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறார். சிமென்ட் குழைக்கத் தண்ணீர் கேட்கவே கூச்சமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து நாங்களே கொண்டுபோனோம். என் மனைவி பாத்திரத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவுவதைப் பார்த்துப் பாட்டி என்னவோ சொல்ல, பேரன் “இவர் எங்க ஆளுதான்னு சொல்றாங்க” என்றார். சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவள், பின்னே? எனக்குத்தான் வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் பீனிக்ஸுக்கு ஏற்றிய பம்புகளுக்குப் பல்லாண்டுகள் மின்சாரம் தந்தது, இதே நவஹோ மண்ணில் நின்ற அனல்மின் நிலையம். அதுவும் 2019-ல் மூடப்பட்டது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது.

நான்காம் நாள் மழை. அவர்களுக்கு மழையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இடி மின்னலோடு அடித்துக் கொட்டினால் ஆண் மழை, மெதுவாக நனைத்தால் பெண் மழை. வந்தது ஆண். எங்கள் வேன் சக்கரம் பாதிவரை சேற்றில் இறங்கியது. ஊழியம் செய்யப் போன 26 பேரைப் பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டர் கட்டி இழுத்துவிட்டார். அன்று இரவு சாப்பாடும் அவர்கள்தான்: ஆட்டிறைச்சிக் குழம்பு, எண்ணெயில் பொரித்த ரொட்டி, அப்புறம் கொழுப்பின் மேல் ஆட்டுக்குடலைச் சுற்றி நெருப்பில் சுட்டது. மற்றக் குடும்பங்கள் மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்துக் கையிலேயே வைத்திருந்தன. நான் மூன்றாவது முறை கேட்டு வாங்கினேன். கொஞ்சம் மிளகு மட்டும் இருந்திருந்தால்!

விறகு வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிளந்தோம், அடுக்கினோம், கை கொப்புளித்தது. ஞாயிறு ஆராதனை பாதி நவஹோவில். பாட்டின் மெட்டு தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. நான் தமிழில் முணுமுணுத்தேன். சாட்சி சொல்ல எங்களை யாரும் கூப்பிடவில்லை. எங்கள் தலைவர் தயாராக எழுதிவைத்திருந்த தாள் அவர் பைக்குள்ளேயே இருந்தது.

மதியம் கைப்பிடியின் கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கினோம். எல்லாரும் சுற்றி நின்றோம், பாட்டி இறங்கி வருவார் என்று. அவர் வரவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வரமாட்டார் என்பது புரிந்து வண்டியில் சாமான் ஏற்றத் தொடங்கினோம். திரும்பிப் பார்த்தால் ஒரு வெள்ளாடு மேடையில் நிற்கிறது. பின்னாலேயே இரண்டு குட்டி. பாட்டி கதவைத் திறந்து கத்தினார். ஆடு நகரவில்லை.

கீழே ஒரு படல் போட வேண்டும், பலகை மிச்சமில்லை. “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் பேரன்.